அண்ணத்துப் புண்ணுக்கு லேசரா, தகடா? ஏற்காட்டு அக்காவுக்குப் போட்ட கணக்கு

"ஏன் கண்ணு, உனக்கு ஈறு ஒட்டுப் போட்டப்ப லேசர் வெச்சாங்களா? வலி நின்னுச்சா?"

ஏற்காட்டிலிருந்து அக்கா போனில் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வைத்தார்கள், இரண்டு தடவை. வலியும் குறைந்தது. ஆனால் அதே நாட்களில் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணத்தில் பிளாஸ்டிக் தகடு மாட்டியிருந்தேன். ஜவ்வரிசிக் கஞ்சியும் தயிர்ச் சோறும் தவிர வேறெதுவும் உள்ளே போகவில்லை. நாளும் ஓடிக்கொண்டிருந்தது. இதில் எது வலியைக் குறைத்தது என்று என் ஒருவன் வாயை வைத்துச் சொல்லிவிட முடியாது.

அக்காவின் நிலைமை இதுதான். மேல்வரிசையில் கோரைப்பல்லுக்கு அடுத்த இரண்டு பற்களில் ஈறு ஏறிப்போய் வேர் தெரிகிறது. வருஷக்கணக்கில் கெட்டி பிரஷ்ஷை வைத்து அழுத்தித் தேய்த்த பலன். மார்கழியில் ஏற்காட்டுக் குழாய்த் தண்ணீரை வாயில் வைத்தால் மண்டைவரை கூசுகிறதாம். சேலத்தில் பார்த்த ஈறு சிறப்பு மருத்துவர், அண்ணத்திலிருந்து சதை எடுத்து வேர்மேல் ஒட்டலாம் என்று சொல்லியிருக்கிறார். கூடவே ஒரு சீட்டு: அறுவை முடிந்து பத்து நாளைக்குள் ஐந்து லேசர் சிட்டிங், அதற்குத் தனிக் கட்டணம். மலையிலிருந்து ஐந்து தடவை இறங்கி ஏற வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு, போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை, அதுவும் வாயில் தையலோடு.

நான் டாக்டர் இல்லை. செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறவன். எந்தச் செலவானாலும் எதற்கு, எவ்வளவு, என்ன திரும்பி வரும் என்று பிரித்துப் பார்க்கும் புத்தி. அந்தப் புத்தியோடு படித்ததையும், என் வாயில் பட்டதையும், டாக்டர்களைக் கேட்டதையும் சேர்த்து அக்காவுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். முடிவையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அண்ணத்துப் புண்ணை மூடுவதுதான் முதல் செலவு. லேசர் அதற்கு மேல் போடுகிற கூடுதல். ஊருக்குள் இருப்பவருக்கு அந்தக் கூடுதல் கைக்கு எட்டும், மலையில் இருப்பவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஈறு ஒட்டில் புண் இரண்டு. ஒட்டு வைக்கும் இடம் ஒன்று, ஒட்டு எடுக்கும் மேலண்ணம் இன்னொன்று. பல்லுக்கு வைத்தியம் பார்க்கப் போனவர் பெரும்பாலும் அண்ணம் வலிக்கிறது என்றுதான் திரும்பி வருகிறார். ஒட்டு வைத்த இடம் தையலுக்குள் பத்திரமாக இருக்கும். நாக்கு, சோறு, காப்பி எல்லாம் உரசிப் போவது அண்ணத்தில்தான்.

அண்ணத்திலிருந்து சதை எடுப்பதிலும் இரண்டு வகை. மேல்தோலோடு சேர்த்து ஒரு துண்டாக வெட்டி எடுப்பது ஒன்று. 1960களிலிருந்து இருக்கிற முறை, ஃப்ரீ ஜிஞ்சைவல் கிராஃப்ட் என்பார்கள். கீழ் முன்பற்களில் கெட்டி ஈறே இல்லாமல் போனவர்களுக்கு அதிகம் செய்வது. எனக்குச் செய்ததும் இதுதான். எடுத்த இடத்தைத் தைத்து மூட முடியாது, திறந்தே கிடக்கும். சைக்கிளில் விழுந்து முழங்கை சிராய்த்ததுபோல இருக்கும், என்ன, வாய்க்குள் இருக்கும். இன்னொரு முறையில் அண்ணத்தைக் கீறி, மேல்தோலைத் தூக்கி, அடியில் உள்ள சதையை மட்டும் எடுத்துக்கொண்டு தோலைப் பழையபடி மூடித் தைத்துவிடுவார்கள். இது கனெக்டிவ் டிஷ்யூ கிராஃப்ட். 1985-இல் லாங்கர், லாங்கர் என்ற இருவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு வேரை மூடுவதற்கு இதுவே பரவலாகிவிட்டது. மூடித் தைத்த புண், திறந்த புண்ணைவிடச் சீக்கிரம் அடங்கும்.

இங்கேதான் நான் முதலில் தப்புக் கணக்குப் போட்டேன். அக்காவுக்கு வேரை மூடும் ஒட்டு, ஆகவே உள்சதை, ஆகவே மூடித் தைப்பார்கள், ஆகவே லேசரும் வேண்டாம் தகடும் வேண்டாம் என்று போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டேன். அப்புறம் அவளை டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன்: "அண்ணத்துல எடுக்குற இடத்தை மூடித் தைப்பீங்களா, திறந்து விடுவீங்களா?" பதில் நான் எதிர்பார்த்ததாக இல்லை. அக்காவுக்கு அண்ணத்துச் சதை மெலிசு. தோலைத் தூக்கி அடியிலிருந்து எடுத்தால் மேலே மிஞ்சும் தோல் கருகிப் போகக்கூடும். அதனால் தோலோடு எடுத்து, வெளியே வைத்து மேல்தோலைச் சீவிவிட்டு, மிச்சத்தை ஒட்டாக வைக்கப் போகிறாராம். அப்படியானால் அண்ணம் திறந்த புண்தான். ஒட்டின் பெயரைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள், அண்ணத்துப் புண் மூடியிருக்குமா திறந்திருக்குமா என்று கேளுங்கள். மற்ற ஒப்பீடு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

திறந்த புண் எப்படி ஆறுகிறது என்று தெரிந்தால் லேசர்காரர்கள் எதை விற்கிறார்கள் என்பதும் புரியும். முதலில் ரத்தம் உறைந்து ஒரு மூடி உண்டாகிறது. ஓரிரு நாளில் ஓரங்களிலிருந்து புதுத் தோல் செல்கள் உள்நோக்கி நகரத் தொடங்குகின்றன. நாளொன்றுக்குச் சுமார் அரை மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் அகலப் புண் என்றால் இருபக்கமும் நாலு நாலு மில்லிமீட்டர் நடக்க வேண்டும், அதுவே எட்டு நாள். நடுவில் சூடு பட்டாலோ, முறுக்கு குத்தினாலோ, உறைந்த ரத்தம் பெயர்ந்தாலோ கணக்கு தள்ளிப்போகும். அதனால்தான் மேல்தோல் முழுதாக மூட இரண்டிலிருந்து நான்கு வாரம் என்று சொல்கிறார்கள். வலியின் உச்சம் முதல் மூன்று நாள்.

ஒட்டு வைத்த இடத்தின் கதை வேறு. அங்கே முதல் இரண்டு மூன்று நாள் ஒட்டுக்கு ரத்தக் குழாய் கிடையாது, அடியில் ஊறும் நீரைக் குடித்தே உயிர் பிழைக்கிறது. பிறகுதான் குழாய்கள் எட்டிப் பிடிக்கின்றன. ஒட்டு மாங்கன்று கட்டுகிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள், கட்டிய பிறகு அசைக்கக் கூடாது. இங்கேயும் அதே சட்டம்தான். உதட்டை இழுத்துக் கண்ணாடியில் பார்ப்பதுதான் ஒட்டுக்கு முதல் எதிரி. எந்த லேசரும் அந்தப் பழக்கத்துக்கு மருந்தாகாது.

இனி லேசர். எங்கள் பக்கம் லேசர் என்றால் நகையில் ஹால்மார்க் எண் பொறிக்கும் யந்திரம்தான் முதலில் நினைவுக்கு வரும். சுடும், வெட்டும், பொறிக்கும். பல் ஆஸ்பத்திரி போர்டில் "லேசர் சிகிச்சை" என்று பார்த்தாலும் அதே நினைப்புதான் வருகிறது. ஈறைச் செதுக்கவும், கறுத்த ஈறை வெளுக்கவும், ரத்தத்தை நிறுத்தவும் லேசர் உண்டு. அது வாட் கணக்கில் ஓடும், சுடும். ஆறுவதற்கும் வலிக்கும் வைப்பது வேறு விஷயம். பெரும்பாலும் அரை வாட்டுக்கும் கீழே, மில்லிவாட் கணக்கில். சூடே தெரியாது. டார்ச் அடித்ததுபோல இருக்கும். பல சமயம் இரண்டு வேலையையும் ஒரே டயோடு லேசர் பெட்டியே செய்யும், முனையும் அளவும்தான் மாறும். எனவே "லேசர் வைக்கிறோம்" என்றால் வெட்டவா, ஆற்றவா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இந்த ஆற்றும் லேசர் தற்செயலாகப் பிறந்தது. 1960-இல் மெய்மன் முதல் லேசரை ஒளிரவைத்தார். சில வருடம் கழித்து புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் எலிகளின் முதுகை மழித்து மெல்லிய சிவப்பு லேசரைக் காட்டினார். புற்றுக்கட்டிமேல் லேசர் என்ன செய்யும் என்று பார்க்கப் போனவருக்குக் கிடைத்தது வேறு: ஒளி பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரம் முளைத்தது. 1967-இல் அதை எழுதினார். பிறகு ஆறாத புண்களில் முயன்றார். இன்றைக்கு இதை ஃபோட்டோபயோமாடுலேஷன் என்கிறார்கள். சிவப்பும் அகச்சிவப்புமான ஒளியை, செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் சி ஆக்ஸிடேஸ் என்ற நொதி உறிஞ்சுகிறது, செல்லுக்குக் கைச்செலவுக்கு ஆற்றல் கூடுகிறது, அது வேலையை வேகமாகச் செய்கிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

சுவாரசியம் அளவில் இருக்கிறது. கொஞ்சம் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. சரியாகக் கொடுத்தால் செல் சுறுசுறுப்பாகும். அதிகம் கொடுத்தால் மந்தமாகும். "இன்னும் ரெண்டு நிமிஷம் சேர்த்து வைங்க டாக்டர்" என்று பேரம் பேசும் சமாச்சாரம் இல்லை இது. கணக்கு சுலபம்: மில்லிவாட்டை நொடியால் பெருக்கினால் ஆற்றல், அதைப் பரப்பால் வகுத்தால் அளவு. 100 மில்லிவாட் ஒளியை 60 நொடி காட்டினால் 6 ஜூல். புண் 15 மில்லிமீட்டர் நீளம், 10 அகலம் என்றால் ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர். ஆக ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4 ஜூல். ஆய்வுகளில் அடிக்கடி கண்ணில் படும் அளவும் இந்த அக்கம்பக்கம்தான். அலைநீளம் 660 நானோமீட்டர் என்றால் சிவப்பாகக் கண்ணுக்குத் தெரியும். 810, 940, 980 எல்லாம் தெரியாது, தெரியாததால்தான் கண்ணுக்கு ஆபத்து. அந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடியை டாக்டர், உதவியாளர், நோயாளி மூவரும் போட வேண்டும். நான் போன முதல் இடத்தில் டாக்டர் மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். அலைநீளம் என்ன, எத்தனை ஜூல் என்று கேட்டதற்கு "மெஷின்லயே செட்டிங் இருக்குங்க" என்றார். அங்கே நான் திரும்பப் போகவில்லை.

பலன் உண்டா? உண்டு, ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. அண்ணத்துப் புண்ணில் லேசர் வைத்தவர்களையும், வைப்பதுபோல் பாவனை மட்டும் காட்டியவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள் நிறைய வந்திருக்கின்றன. பெரும்பாலும் சிறிய ஆய்வுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அலைநீளம், ஒவ்வொரு அளவு, ஒவ்வொரு அட்டவணை. பலவற்றில் இரண்டாவது வார வாக்கில் லேசர் பட்ட அண்ணம் கூடுதலாக மூடியிருக்கிறது. வலியில் சிலவற்றில் நல்ல வித்தியாசம், சிலவற்றில் ஒன்றுமில்லை. ஒரு மாதம் கடந்தால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆறிவிடுகிறது. அதாவது லேசர் வாங்கித் தருவது சில நாட்களை. ஒட்டே பிடிக்காத இடத்தில் ஒட்டைப் பிடிக்கவைக்கும் என்றோ, வேர் இன்னும் கூடுதலாக மூடும் என்றோ யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம்.

இதே ஒளிக்கு வேறொரு இடத்தில் மரியாதை அதிகம். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு வாங்குகிறவர்களுக்கு வாயெல்லாம் புண்ணாகும். அதைத் தடுக்கச் சர்வதேச வழிகாட்டுதலே இந்த லேசரைப் பரிந்துரைக்கிறது. ஆகவே இது ஏமாற்று வேலை இல்லை. அங்கே வலுவான சான்று இருக்கிறது, ஈறு ஒட்டில் அந்த அளவு வலு இன்னும் வரவில்லை. இரண்டையும் ஒன்றாகக் கலந்து "உலகமே ஏற்றுக்கொண்டது" என்று பேசுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

லேசருக்கு எதிரில் நான் நிறுத்துவது தகடு. டாக்டர்கள் ஸ்டென்ட் என்பார்கள். அறுவைக்கு முன்பே பற்களை அச்செடுத்து, அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி உறிஞ்ச வைத்து, அண்ணத்தை மூடும்படி வெட்டித் தருவார்கள். கம்பி வைத்த அக்ரிலிக் தகடாகவும் செய்வதுண்டு. ஒளியும் இல்லை, நொதியும் இல்லை. புண்மேல் நாக்கும் சோறும் படாமல் தடுக்கும், அழுத்திப் பிடிப்பதால் ரத்தக் கசிவையும் அடக்கும். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதான் 24 மணி நேரமும் கூடவே இருக்கிறது. லேசர் ஒரு நிமிஷம் இருந்துவிட்டுப் போய்விடும்.

தகட்டோடு வாழ்வது ஒரு தனி அனுபவம். முதல் நாள் கழற்றக் கூடாது என்றார்கள். எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. பேச்சு போயிற்று. தமிழனுக்கு அண்ணம் எவ்வளவு முக்கியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ழ, ள, ண, ட எல்லாம் நாக்கு மடிந்து அண்ணத்தைத் தொடும் இடத்தில்தான் பிறக்கின்றன, அந்த இடத்தில் பிளாஸ்டிக் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்கு வந்த அக்கா என்ன சாப்பிட்டாய் என்று கேட்க, நான் வாழைப்பழம் என்று சொல்ல முயன்றது இன்றுவரை எங்கள் வீட்டில் ஓடுகிற நகைச்சுவை. மண்டிக்குப் போன பிறகு விலையை எல்லாம் சீட்டில் எழுதித்தான் காட்டினேன். மூன்று நாளில் நாக்கு பழகிவிட்டது. இன்னொன்று, அதைக் கொதிநீரில் கழுவாதீர்கள். ஷீட் வளைந்து பொருந்தாமல் போய்விடும். பச்சைத் தண்ணீர் போதும்.

ஆறாம் நாள் வலி விட்டுவிட்ட தைரியத்தில், தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு அம்மாபேட்டைத் தள்ளுவண்டியில் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டேன். சேலத்துக்காரனுக்கு ஆறு நாள் அதிகம். தட்டுவடை விளிம்பு புண்ணில் ஏறி, சட்னிச் சிவப்பா ரத்தச் சிவப்பா என்று தெரியாமல் துப்பினேன். நனைத்த காஸ் துணியை விரலால் இருபது நிமிடம் அழுத்திப் பிடித்து நிறுத்தினேன். அண்ணத்தில் ஒரு தமனி ஓடுகிறது, அங்கே கசிவு வந்தால் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்காமல் விடாமல் அழுத்த வேண்டும், இருபது நிமிடத்தில் நிற்காவிட்டால் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். நான் இருந்தது ஊருக்குள். அதே கசிவு ஏற்காட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு வந்தால்? இந்த ஒரு கேள்விதான் அக்காவின் விஷயத்தில் தகட்டுக்கு என் கையைத் தூக்க வைத்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பிஆர்எஃப் என்று ஒன்று உண்டு. 2001-இல் பிரான்ஸின் ஷுக்ரூன் கொண்டுவந்தது. உங்கள் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் சேர்க்காமல் சுழற்றினால், நடுவில் ஃபைப்ரின் ஜவ்வு திரளும். அதைத் தட்டையாக்கி அண்ணத்துப் புண்மேல் வைத்துத் தைப்பார்கள். வலி குறைவதாகவும் புண் சீக்கிரம் ஆறுவதாகவும் ஆய்வுகள் உண்டு, அவையும் பெரும்பாலும் சிறியவை. லேசரைவிட இதில் எனக்குப் பிடித்தது, அறுவை நாளிலேயே முடிந்துவிடும், திரும்ப வர வேண்டாம். ரத்தம் இளக மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், இது எல்லா அறுவைக்கும் பொருந்தும். சில டாக்டர்கள் மருத்துவப் பசையை, அதாவது சயனோஅக்ரிலேட்டை, புண்மேல் மெல்லிசாகப் பூசுவார்கள். சில நாளில் தானே உதிரும். கடையில் விற்கும், உடனே ஒட்டும் பசைக்கு மருத்துவ உறவுக்காரன் அது. வீட்டில் இருக்கிற டியூபை எடுத்து யாரும் முயன்றுவிடாதீர்கள்.

அண்ணத்தையே தொடாமல் செய்ய முடியாதா என்று அக்கா கேட்டாள். முடியும். பதப்படுத்திய தோல் அல்லது கொலாஜன் விரிப்பை ஒட்டாக வைக்கலாம். விலை கூட. பன்றி, மாடு, மனிதத் தோல் என்று மூலம் மாறும், நம் வீடுகளில் அது ஒரு விஷயம்தான், கேட்டுவிடுவது நல்லது. வேரை மூடுவதில் சொந்தச் சதையைத்தான் இன்னும் முதல் இடத்தில் வைக்கிறார்கள். அக்கா "பன்னியா" என்று கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தரை இருக்கிறது, அதை யாரும் விளம்பரம் செய்வதில்லை. மரத்துப்போகும் ஊசியின் வேகம் தணிவதற்கு முன்பே முதல் மாத்திரையைப் போட்டுவிட வேண்டும். வலி வந்த பிறகு துரத்திப் பிடிப்பது கஷ்டம். ஐபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்து பல் வலிக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஐபுப்ரோஃபென் ஆகாது, ஆகவே டாக்டர் எழுதிய மாத்திரை, எழுதிய அளவு. முதல் நாள் வெளியே கன்னத்தில் ஐஸ் ஒத்தடம். சூடு கூடாது, உறிஞ்சுகுழல் கூடாது. கஞ்சியை ஆறவைத்து, கரண்டியால். ஜவ்வரிசியை நன்றாக வேகவிட்டுப் பால் சேர்த்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஜவ்வரிசிக்குப் பேர்போன இந்த ஊரில் பிறந்ததற்கு இதாவது லாபம். கொப்பளிக்கத் தரும் குளோர்ஹெக்சிடின் பல்லில் பழுப்புக் கறை ஏற்றும், ருசியையும் கொஞ்ச நாள் கெடுக்கும். அதோடு காப்பியும் சேர்ந்தால் கறை இன்னும் கூடும். காப்பித் தோட்டத்து அக்காவுக்கு இதுதான் பெரிய தண்டனை. சுத்தம் செய்தால் கறை போய்விடும்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும், புகை பிடிக்கிறவருக்கும் லேசர் பணத்தை அங்கே போடுவதே வீண். சிகரெட் அண்ணத்துக்கும் ஒட்டுக்கும் செய்யும் கெடுதலை ஐந்து நிமிட ஒளி ஈடுகட்டாது. வெற்றிலை புகையிலை போடும் வாயில் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால், அது என்னவென்று சோதித்துத் தெளிந்த பிறகுதான் ஒளி. புற்று சந்தேகம் உள்ள இடத்தில் இந்த லேசரைக் காட்டக் கூடாது.

சரி, அக்காவின் ஐந்து சிட்டிங்குக்கு வருவோம். அறுவை நாள், மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பத்தாம் நாள் என்று அட்டவணை. சேலத்திலேயே, அஸ்தம்பட்டியிலோ ஃபேர்லேண்ட்ஸிலோ வீடு இருப்பவருக்கு நான் யோசிக்காமல் சொல்வேன்: திறந்த புண், கையில் காசு இருக்கிறது, அளவு கேட்டால் சொல்லத் தெரிந்த டாக்டர் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை. மூடித் தைத்த புண் என்றால் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். அரியானூர் பக்கத்துப் பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் பட்டமேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் ஈறு அறுவை செய்வார்கள். செலவு குறையும், நேரம் கூடும். அதையும் ஒரு எட்டு போய்ப் பார்க்கலாம்.

ஏற்காட்டுக்கு வேறு கணக்கு. சுமார் 1500 மீட்டர் உயரத்திலிருந்து ஒவ்வொரு சிட்டிங்குக்கும் போகவர அறுபது கிலோமீட்டருக்கு மேல். அடிவாரம் தாண்டி வளைவுகளில் பஸ் குலுங்கும்போது தாடையை இறுக்கிக் கடிக்காத ஆள் யார்? மலையேறும்போது வாந்தி வரும் ஆட்கள் எங்கள் குடும்பத்தில் பாதி. தையலோடு வாந்தி எடுப்பதை நினைத்தாலே அண்ணம் கூசுகிறது. மழைக்காலம் என்றால் வேறு பயம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி போகாமல் நின்றதை அக்கா மறக்கவில்லை. ஒரு நிமிட ஒளிக்காக ஒரு பகலைக் கொடுப்பது, அதுவும் சில நாள் முன்னதாக ஆறுவதற்கு, எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

ஆனால் ஐந்தில் மூன்றுக்கு அவள் மலையேற வேண்டியதே இல்லை. எப்படியும் முதல் இரண்டு ராத்திரி கசிவு பயத்துக்காக என் வீட்டில்தான் தங்கப் போகிறாள். அறுவை நாள், மறுநாள், மூன்றாம் நாள் காலை, மூன்றுக்கும் ஆட்டோ போதும். வலி உச்சத்தில் இருப்பதும் அந்த நாட்களில்தான். ஏழாம் நாள் சிட்டிங்கை விட்டுவிட்டு, தையல் பிரிக்க வரும் அன்றைக்கே கடைசியை வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டாள். ஆய்வு எல்லாம் முழு அட்டவணையை வைத்துத்தான், இடையில் விட்டால் அதே பலனுக்கு உத்தரவாதம் தரமாட்டேன், ஆனால் வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன் என்றாராம். எனக்கு அந்த டாக்டரைப் பிடித்துப்போனது அந்தப் பதிலில்தான். வைக்கும் சிட்டிங்குக்கு மட்டும் பணம் கட்டினால் போதும் என்றும் ஒத்துக்கொண்டார். முழுப் பொட்டலமாகத்தான் விற்போம் என்று சொல்லும் இடமாக இருந்தால் லேசரே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

தகடு கட்டாயம் என்று முடிவாகிவிட்டது. அச்சு எடுக்க ஒரு நாள் முன்னால் இறங்க வேண்டும், அதற்குச் சந்தை வேலையோடு சேர்த்து வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அறுவைக்கு நாள் குறிப்பதுதான் பாக்கி. காப்பிப் பழம் பறிப்பு முடியாமல் தோட்டத்தை விட்டு வரமாட்டாள், மாம்பழம் வந்துவிட்டால் கஞ்சியோடு உட்காரமாட்டாள். இடையில் கிடைக்கிற மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமையைப் பார்த்து வைத்திருக்கிறோம்.

நேற்று போனில் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். தகடு மாட்டியிருக்கிற நாட்களில் என்ன சாப்பிட்டாய் என்று யாரும் அவளைக் கேட்கக் கூடாது.